வாக்குமூலத்தில் இல்லாத சொல்

காலை ஏழு மணிக்குள் பாவாயி அந்த இரண்டு பக்கத் தாளை மூன்று முறை படித்துவிட்டாள். நான்காம் முறையும் படித்துவிடச் சொல்லி, மகன் சிவக்குமார் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். மருமகள் சத்யபிரியா இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போகும்வரை பார்த்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தத் தாள் பாவாயியின் வாக்குமூலம். அவள் அழுகையும் மூச்சுத் திணறலுமாகச் சொல்லச் சொல்ல, போலீஸ்காரர் ஒருவர் எழுதிக்கொண்டது.

பதினெட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாத வியாழக்கிழமை. பகல் இரண்டே கால் மணி. புதன்சந்தைக்குப் பக்கத்தில், முட்டைக்கோழிப் பண்ணையை ஒட்டி இருக்கும் இந்த வீட்டுக்குள் ஹெல்மெட் போட்ட ஒருவன் நுழைந்தான். கண்ணுக்குக் கீழே துண்டு கட்டியிருந்தான். கையில் கத்தி. வீட்டில் தனியாக இருந்த பாவாயியை ஓரமாக உட்கார வைத்துவிட்டு பீரோவைத் திறந்து நகைகளை அள்ளினான். அந்நேரத்துக்கு வராத அவள் கணவர் கந்தப்பன் அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் குடிக்க வந்தார். வாசலில் மறித்தார். கதவோரம் சாத்தியிருந்த இரும்புக் குழாயால் ஒரே அடி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் நிலவனைப் பிடித்தார்கள். தலைவாசல் பக்கத்துப் பையன், பதினெட்டு முடிந்து நாலு மாதம். பண்ணை பண்ணையாக லாரியில் போய் முட்டை ஏற்றுகிற கூட்டத்தில் ஒருவன். அவனுடைய பையில் கந்தப்பனின் கைக்கடிகாரம் இருந்தது. முட்டை ஏற்ற வந்த அன்றைக்கு அட்டைகளுக்கு நடுவில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன், திருடியது நிஜம், மற்றது எதுவும் எனக்குத் தெரியாது என்றான். நகைகள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஜெயிலில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்திக் காட்டியபோது, பாவாயி அவனைத்தான் விரல் நீட்டிக் காட்டினாள்.

இன்றைக்கு அவள்தான் வழக்கின் முதல் சாட்சி.

ஆனால் தாளில் ஒரு வரி அவள் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்திக்கொண்டே இருந்தது. ‘சத்தம் போடாமல் உட்கார், மீறினால் குத்திவிடுவேன் என்று என்னை மிரட்டினான்.’

“இப்படி அவன் சொல்லலையே சாமி” என்றாள்.

சிவக்குமார் பொறுமையாகத்தான் பதில் சொன்னான். அர்த்தம் அதுதான், எழுத்தில் இப்படித்தான் எழுதுவார்கள், இதில் ஒரு சொல் மாறினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார் என்றான். அவன் கண்களுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. அந்த வியாழக்கிழமை மக்காச்சோள லோடு இறக்க அவன் பண்ணையில் இருந்திருக்க வேண்டும். சேலத்தில் நண்பனின் கடைத் திறப்புக்குப் போய்விட்டான். அதை யாரும் அவனிடம் சொல்லிக் காட்டியதில்லை. அவனாகவே பதினெட்டு மாதமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறான் என்பது பெற்றவளுக்குத் தெரியாமல் இல்லை.

அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். உடனே வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

நாமக்கல் கோர்ட் வராந்தாவில் உட்கார இடம் இருந்தும் பாவாயியால் உட்கார முடியவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் எதிர்ப் பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. மடியில் ஒரு சோற்றுத் தூக்கு, காலடியில் மஞ்சள் பை. நிலவனின் அம்மா உண்ணாமலை. மூன்று வாய்தாக்களில் பார்த்த முகம். இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை. பாவாயி தாண்டும்போதெல்லாம் அந்தப் பெண் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். பையனைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்தினார்கள். இந்தப் பதினெட்டு மாதத்தில் வளர்ந்திருந்தான். சட்டைக் கை முழங்கைக்கு மேலே ஏறிக் கிடந்தது. அவனுடைய வக்கீல் இன்னும் வரவில்லை. சட்ட உதவியில் அமர்த்தப்பட்ட தெய்வநாயகி என்ற அம்மாள் அவர். உன் வக்கீல் எங்கே, உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார்.

பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான்.

“வக்கீலம்மா பஸ்ல வராங்கன்னு சொன்னாங்க ஐயா. ஐயா, எனக்குக் காதுல சீழு வடியுது. ரெண்டு வாரமா சொல்லினு இருக்கன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவல. ராத்திரில தூங்க முடியல ஐயா. அதான் சொல்லணும்னு இருந்தன்.”

உடனே ஆஸ்பத்திரியில் காட்டும்படி உத்தரவு எழுதினார் நீதிபதி. அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

பாவாயிக்கு மட்டும் அந்தப் பேச்சு காதில் இடறியது.

அந்தப் பையன் பேசி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. முட்டை ஏற்ற வந்தவர்களோடு அவள் பேசியதில்லை, தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஜெயிலில் வரிசையாக நின்றவர்களில் யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குள் வந்தவனோ கிசுகிசுவென்றுதான் பேசினான். கிசுகிசுப்பில் குரல் ஏது, எல்லாருக்கும் ஒரே காற்றுத்தானே. ஆனால் சொல் இருந்தது. அவன் சொன்ன சொல் ஒவ்வொன்றும் அவள் காதில் அப்படியே இருந்தது. அது இந்தப் பேச்சு இல்லை. இது ஆத்தூருக்கும் கிழக்கே இருக்கிறவர்களின் பேச்சு.

தெய்வநாயகி வியர்த்து வழிய வந்து சேர்ந்து, நீதிபதியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். டவாலி பாவாயியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். அவள் கூண்டேறிச் சத்தியப் பிரமாணம் எடுத்தாள்.

அரசு வக்கீல் முருகானந்தம் மெதுவாக, பழக்கிவிட்ட வழியிலேயே அழைத்துக்கொண்டு போனார். எத்தனை மணி, எந்தக் கதவு, என்ன நிறத்தில் துண்டு. எல்லாவற்றுக்கும் பாவாயி சரியாகச் சொன்னாள். பின் பெஞ்சில் சத்யபிரியாவுக்குப் பக்கத்தில் சிவக்குமாரின் தோள் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தாள். பிறகு அந்த இடம் வந்தது.

“உள்ளே வந்தவன் உங்களிடம் என்ன சொன்னான்?”

தாளில் இருந்த வரி அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் வேறொன்று வெளியே வந்தது.

“பொட்டாட்ட உக்காருங்க, ஒன்னும் பண்ண மாட்டனுங்க, அப்படின்னானுங்க.”

முருகானந்தம், அதாவது சத்தம் போடாமல் உட்கார் என்று மிரட்டினான், அப்படித்தானே என்றார்.

“மிரட்டலைங்க. ‘ங்க’ போட்டுத்தான் பேசுனானுங்க. கையில கத்தி இருந்துச்சு, நான் பயந்துட்டேன், அது வேற. ‘செவுத்துல சாஞ்சு உக்காருங்க, முதுகு புடிச்சுக்கும்’னு சொன்னானுங்க. அப்புறந்தான் சாவி கேட்டான்.”

தட்டச்சுக்காரர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சாட்சி சொன்ன சொற்களையே அப்படியே பதிவு செய்யச் சொன்னார் நீதிபதி. ‘பொட்டாட்ட’ என்பதை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. நாமக்கல் பக்கம் வாயாடுகிற பிள்ளையை அடக்க எல்லா வீட்டிலும் சொல்கிற சொல் அது. கோர்ட் தாளில் ஏறும்போது ஏதோ புதுச் சொல்லைப் போல ஒலித்தது.

அந்த ஆள் இந்த நீதிமன்றத்தில் இருக்கிறானா என்று முருகானந்தம் கேட்டார். குரலில் இப்போது அவசரம் இருந்தது.

பாவாயி கூண்டைப் பார்த்தாள். பையன் அவளைப் பார்க்கவில்லை. காதைக் கையால் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஜெயில்ல நான் காட்டுனது இந்தத் தம்பியத்தானுங்க. பாத்த மூஞ்சியா இருக்குதேன்னு காட்டிப்போட்டேன். எங்க பாத்தேன்னு யோசிக்கல. எங்க பண்ணையில முட்டை ஏத்தறப்பப் பாத்திருக்கேன், அதுதான் போலிருக்குது. அன்னிக்கு ஊட்டுக்குள்ள வந்தது இவந்தானான்னு கேட்டா, என்னால சத்தியமாச் சொல்ல முடியலைங்க.”

அதற்கப்புறம் நடந்தது அவளுக்குக் கலங்கலாகத்தான் நினைவிருந்தது. முருகானந்தம் அவளைப் பிறழ்சாட்சி என்று சொல்லிக் குறுக்கு விசாரணைக்கு அனுமதி வாங்கினார். அத்தனை நேரம் ‘அம்மா’ என்றவர் ‘சாட்சி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். யாராவது வந்து பார்த்தார்களா, ஏதாவது கொடுத்தார்களா, இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாயா என்று கேட்டார். இல்லைங்க, இல்லைங்க என்று அவள் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. சிவக்குமார் எழுந்து வெளியே போய்விட்டான்.

தெய்வநாயகி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். உங்களுக்கு முதுகு வலி உண்டா, எப்போதிருந்து?

“அந்த வாரத்துல திங்கக்கிழமைதானுங்க வந்துச்சு. தவிட்டு மூட்டைய நகத்தறப்பப் புடிச்சுக்கிச்சு. அதுக்கு முன்னால வந்ததே இல்லைங்க.”

முட்டை லாரி பண்ணைக்குக் கடைசியாக வந்தது அதற்கும் எட்டு நாளைக்கு முன்னால் என்பது வழக்கில் சேர்த்திருந்த பண்ணை நோட்டிலேயே இருந்தது. தெய்வநாயகி அதை நீதிபதிக்குச் சுட்டிக்காட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வாய்தா பத்து நாள் கழித்து என்று சொன்னார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் வாசலில் ஒருமுறை திரும்பினான். ஆனால் அவன் பார்த்தது அவனுடைய அம்மாவைத்தான்.

வராந்தாவில் சிவக்குமார் அரசு வக்கீலோடு தாழ்ந்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தான். சத்யபிரியா மரத்தடியில் காருக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். பாவாயி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது, உண்ணாமலை பக்கத்தில் நின்றிருந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பாவாயிக்குக் கூச்சமாக இருந்தது. அந்த நன்றியை வாங்கிக்கொள்ளத் தன்னிடம் கை இல்லை என்று பட்டது. பதினெட்டு மாதம் அந்தப் பையனை உள்ளே வைத்தது தன் விரல்தானே.

ஆனால் உண்ணாமலை நன்றி சொல்லவில்லை.

“என் புள்ள செய்யலன்னு நெனைக்கிறியாம்மா நீ?” என்று கேட்டாள்.

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தெரியலைம்மா என்றாள். அதுதான் நிஜம். ஒரு வருஷமாக நாமக்கல் பண்ணைகளில் கிடந்தவன் இங்கத்துப் பேச்சைக் கற்றுக்கொண்டு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று என்ன இருக்கிறது?

உண்ணாமலை தலையை ஆட்டினாள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

“எனக்கும் தெரியாதும்மா. ஒரு வாட்டிகூட நான் அவனக் கேக்கல. கேட்டா என்னா சொல்லுவானோன்னு பயம். ஊர்ல அத்தன பேருகிட்டயும் எம்மவன் செய்யலன்னு சண்ட போடறன். அவங்கிட்ட மட்டும் கேக்கல. சோறு துன்னியா, தூங்குனியான்னு கேட்டுட்டு வந்துடறன்.”

சொல்லிவிட்டு அவள் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். தூக்கு கனமாகத்தான் தொங்கியது. உள்ளே கொடுக்க விடவில்லை போலிருக்கிறது.

காரில் புதன்சந்தைக்குத் திரும்பினார்கள். சிவக்குமார் கியரை மாற்றுகிற விதத்திலேயே அவன் கோபம் தெரிந்தது. முன் இருக்கையில் சத்யபிரியா கண்ணாடியோரம் ஒடுங்கி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த வீடு திருச்செங்கோடு. வாயாடி என்று பெயர் வாங்கினவள். இன்றைக்கு அவளும் பேசாதது பாவாயிக்குச் சங்கடமாக இருந்தது. இவளும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் சிவக்குமார் வெடித்தான். ஒரு சொல்லுக்காக வழக்கையே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருக்கிறாய் என்றான். கடிகாரம் அவன் பையில் இருந்ததா இல்லையா, களவாணிப்பயலுக்குப் பரிந்து பேச நீ யார், அப்பா ரத்தத்துக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று மேலே மேலே கேட்டான். பாவாயி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். டம்ளரை எடுத்தாள், தண்ணீர் பிடிக்காமலே வைத்தாள்.

“கடிகாரத்தத் திருடுனவந்தான் அப்பனக் கொன்னவன்னு சொல்லறதுக்கு எனக்கு வாய் வரல சாமி. அவனா இருந்தா, எனக்கு முதுகு புடிச்சிருக்கறது அவனுக்கு எப்படித் தெரியும்?”

“யாரோ சொல்லியிருப்பாங்க.”

“யாரு?”

சிவக்குமார் விரல் மடக்கத் தொடங்கினான். முதல் தடவையாக அவன் கோபத்தை விட்டுவிட்டு யோசிப்பது தெரிந்தது. திங்கள் வலி வந்தது. புதன் வரைக்கும் அவள் வாசல்படி தாண்டவில்லை. நீ, நான், அப்பா, சத்யா என்றான். பக்கத்துத் தோட்டத்துச் சின்னுசாமி ஒரு நாள் கேள்விப்பட்டு வந்து விசாரித்துவிட்டுப் போனார், ஆனால் அவருக்கு அறுபத்தைந்து வயசு, கால் சரியில்லாதவர். எலும்பு டாக்டர். அங்கிருந்த நர்ஸம்மா. அவ்வளவுதான் என்றான். விரல்களை மறுபடி ஒருமுறை மடக்கிப் பார்த்தான். அவ்வளவுதான்.

“எந்தம்பிய உட்டுட்டீங்க” என்றாள் சத்யபிரியா.

அவள் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“புதன்கிழமை நீங்க ஊர்ல இல்லீங்க. அத்தைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போக நந்தகுமாரைத்தான் வரச் சொன்னேன். அவந்தான் காருல கூட்டிட்டுப் போனான். ‘சாஞ்சு உக்காருங்க அத்தை, முதுகு புடிச்சுக்கும்’னு அவன் சீட்டைச் சாச்சு உட்டான். நான் பின்னால இருந்தேன். கேட்டேன்.”

அந்த வரி இத்தனை மாதமாகத் தன் காதில் ஏன் அப்படியே நின்றது என்று பாவாயிக்கு இப்போது புரிந்தது. கேட்ட பேச்சு. இரண்டு நாளில் இரண்டு தடவை கேட்ட பேச்சு. ஒன்று காருக்குள், அக்கறையாக. இன்னொன்று இந்தச் சுவரோரம், கத்தியோடு. அவள் கால்கள் நின்றுவிட்டன. காலையிலிருந்து முதல் தடவையாக அவள் அசையாமல் நின்றாள்.

சிவக்குமார் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நந்தகுமார் அவனைவிட நாலு வயது இளையவன். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போகிறவன். அப்பா இறந்த வீட்டில் பந்தல் போட்டதிலிருந்து பதினாறாம் நாள் சோறு பரிமாறியது வரைக்கும் கூட இருந்தவன். பாடையில் ஒரு தோள் அவனுடையது.

“நீ என்ன சொல்லறேன்னு தெரிஞ்சுதான் சொல்லறியா?” என்றான்.

“தெரியலீங்க. அந்தப் பேச்ச எல்லாருந்தான் பேசுவாங்க. ஆனா கோர்ட்டுல அத்தை வாயில அதக் கேட்டதுல இருந்து அவன் பேசுனதுதான் எங்காதுல ஓடுது. சொல்லாம இருந்தா நான் மனுசியே இல்லை.”

அவளுக்கு அழுகை வந்தது. பாவாயி போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் இரண்டு தட்டில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் திருச்செங்கோடு பக்கம் ஒரு வார்த்தையும் சாய்க்காமல் நிற்பதைப் பார்க்க, இவளையா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தோம் என்று பாவாயிக்கு வெட்கமாக இருந்தது.

சிவக்குமார் சாவியை எடுத்தான். போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன் என்று கிளம்பினான். பாவாயி வாசலை மறித்துக்கொண்டாள்.

“உக்காரு. ஒருத்தன விரல் நீட்டிக் காட்டி ஒன்றரை வருசம் உள்ள வெச்சுட்டேன். அவன் செஞ்சானா இல்லையான்னு இன்னும் தெரியாது. இன்னொருத்தன அப்படிக் காட்ட மாட்டேன். சொல்லு ஒன்னா இருந்தா ஆளு ஒன்னாயிருமா?”

“அப்புறம் என்ன பண்ணச் சொல்லற?”

தெய்வநாயகியிடம் சொல்வதா, போலீஸிடமா, நீதிபதியிடமா? சொன்னால் மருமகளின் பிறந்த வீடு இடிந்துவிடும். சொல்லாவிட்டால், காதில் சீழோடு ஒரு பையன் ஜெயிலில் கிடப்பான். உண்ணாமலை கேட்கப் பயந்த கேள்வி இப்போது இந்த வீட்டு நடுக்கூடத்தில் வந்து நிற்கிறது. அதை யார் கேட்பது?

சோபாவில் கிடந்த சத்யபிரியாவின் போன் ஒலித்தது. மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். திரையில் நந்தகுமாரின் பெயர்.

சத்யபிரியா அசையவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. பாவாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் போனை எடுத்தாள்.

அக்கா இல்லையா அத்தை, நீங்கதானுங்களா என்று அந்தப் பக்கத்தில் பழகிய குரல் கேட்டது. கோர்ட்டில் எப்படிப் போனது என்று விசாரித்தான். சாட்சி சொல்லி முடித்தாயிற்றா, அந்தப் பையனைச் சரியாகக் காட்டினீர்களா என்றான். அக்கறையாகத்தான் கேட்டான். வழக்கமாகக் கேட்கிற மாதிரிதான். பாவாயி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். அந்தக் குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அதெல்லாம் போன்ல வேண்டாம் சாமி” என்றாள். “நாளைக்குக் காலையில ஊட்டுக்கு வா. உங்கிட்ட ஒன்னு நேர்ல கேக்கோணும்.”

அந்தப் பக்கம் எங்கோ ரிக் வண்டியின் இரைச்சல் கேட்டது. பிறகு அவன், என்னன்னு சொல்லுங்க அத்தை என்று கேட்கவில்லை. வாரேனுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் வைப்பதற்கு முன்னால் போனை வைத்துவிட்டான்.